எட்டு விரல்

பெண்ணின் அப்பாவுக்குக் கால் இல்லை என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் மாப்பிள்ளையின் அத்தை உலகம்மாள்தான்.

அன்றைக்கு நிச்சயதார்த்தம். அந்தமானில், ஹாடோ துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சமுதாயக் கூடத்தில் எல்லோரும் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். தீவில் இருந்த பெண் வீட்டார் நேரில் வந்திருந்தார்கள். தென்காசியிலும் திருநெல்வேலியிலும் இருந்த மாப்பிள்ளை வீட்டார் சாயல்களாக வந்திருந்தார்கள். ஒருவருடைய உருவத்தை அவர் இருக்கும் இடத்திலிருந்து அந்த நொடியிலேயே எடுத்து இன்னோர் இடத்தில் நிறுத்துவதற்குத்தான் சாயல் என்று பெயர். கண்ணாடி போட்டுக்கொண்டவருக்கு ஆள் எதிரில் நிற்பது போலவே இருக்கும். பேசலாம், சிரிக்கலாம், சண்டையும் போடலாம். தொடத்தான் முடியாது.

பெண்ணின் அப்பா சங்கரலிங்கமும் சாயலாகத்தான் வந்திருந்தார். அவர் வங்கக் கடலின் நடுவில் ஒரு கப்பலில் இருந்தார். முகம் நன்றாகத் தெரிந்தது. வெள்ளை மீசைகூட இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் வேட்டி கீழே போகப் போக மங்கி, தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டது.

"ஏ மதினி," என்றார் உலகம்மாள், பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "அண்ணாச்சிக்குக் கால் தரையில பாவலியே. அந்தரத்துலல்லா நிக்காவ. எங்க ஊர்ல பேய்க்குத்தான் அப்படிச் சொல்லுவாவ."

கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரிக்கவில்லை. நல்ல காரியம் பேசும் இடத்தில் அந்தச் சொல் விழுந்துவிட்டது.

பெண்ணின் அம்மா சிவகாமி தாம்பாளத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள். "அவுக கடல்ல நிக்காக மதினி. தண்ணி மேல நிக்கிறவுகளுக்குத் தரை எதுக்கு?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தார். சிவகாமி புருஷனை எங்கும் விட்டுக்கொடுத்துப் பேசியவள் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையை மாற்றாமலே அடுக்களை மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன மனுஷன் நல்லபடியா திரும்பி வரணும்னு நாப்பது நாளா விளக்கேத்துதேன். அவுகளப் பாத்துப் பேய்ன்னு சொல்லிட்டாளே," என்றாள்.

கல்யாணப் பெண் செண்பகத்தின் அக்கா பொற்கொடி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் காலை வெட்டியது யாரென்று அவளுக்குத் தெரியும். அவள்தான்.

நாற்பது நாட்களுக்கு முன் கடலடியில் மண் சரிந்து, தீவுக்கும் தரைநாட்டுக்கும் நடுவில் கிடந்த கேபிள் அறுந்துபோனது. தீவு மொத்தத்துக்கும் இணையம் அந்த ஒரு கயிறு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது செயற்கைக்கோள் வழியாக வருவதைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆறு பாய்ந்த இடத்தில் குழாய் சொட்டுகிற கதை. அதிலும் ஆஸ்பத்திரிக்கு முதல் பங்கு. தரைநாட்டில் இருக்கும் மருத்துவர்கள் இங்கே இருக்கும் இயந்திரக் கைகளை இயக்கி அறுவை செய்கிறார்கள். அதில் ஒரு சொட்டு குறையக்கூடாது. பிறகு துறைமுகம், பள்ளிக்கூடங்கள். மிச்சம் இருந்தால்தான் கல்யாணக் கூடங்கள்.

பேண்ட்வித், அதாவது இணையம் வரும் வழியின் அகலம், குறையும்போது ஒரு சாயலின் எந்தப் பகுதியை முதலில் குறைப்பது, எதைக் கடைசிவரை காப்பாற்றுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. உதிர் வரிசை என்று பெயர். அதை எழுதியவள் பொற்கொடி. முதலில் கால் உதிரும். பிறகு உடையின் மடிப்பு, பிறகு தலைமுடி, பிறகு விரல்கள். முகம் கடைசி. முகத்திலும் கண் கடைசிக்குக் கடைசி. நாடு முழுவதும் இன்று அந்த வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்காக அவளுக்குக் கிடைத்த கேடயத்தை சிவகாமி பூஜை அறையிலேயே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மறுநாள், தீவுக்கு வருவதைப் பங்கிடும் இணைய மையத்தில் பொற்கொடியின் முகத்தைப் பார்த்துவிட்டு உடன் வேலை பார்க்கும் இன்னாசி கேட்டான். "என்ன, சம்பந்தி வீட்டுச் சண்டையா?"

அவள் சொன்னாள். இன்னாசி சிரிக்கவில்லை. அவன் அம்மாவும் பேய்க்குக் கால் இல்லை என்று சொல்லிச் சோறு ஊட்டியவள்தான்.

"காலை ஏன் முதல்ல வச்சே?" என்று கேட்டான்.

"ஜனங்க எங்க பாக்குறாங்கன்னு அளந்தோம். நூறு தடவை பாத்தா ரெண்டு தடவைதான் காலைப் பாக்குறாங்க."

"எந்த ஜனங்களை அளந்தே?"

பொற்கொடி பழைய கணக்கை நினைத்துப் பார்த்தாள். அலுவலகக் கூட்டங்களில் அளந்தது. மேஜையைச் சுற்றி ஷூ போட்டு உட்கார்ந்திருந்தவர்களை அளந்தது. பெரியவர்கள் காலில் பிள்ளைகள் விழுகிற இடத்தில் யாரும் அளக்கவில்லை.

"கல்யாணத்துல பாத பூஜை இருக்கு, இன்னாசி. தாலி கட்டுறதுக்கு முன்னால செண்பகம் எங்க அம்மா அப்பா காலைக் கழுவிப் பொட்டு வைக்கணும். அம்மா அதுக்காகத்தான் காத்திட்டிருக்காங்க. அப்பா கால் இல்லாம உக்காந்திருந்தா என்ன செய்யறது?"

"நாளைத் தள்ளிப் போடுங்களேன். கேபிள் சரியாகட்டும்."

"அப்பா ஒத்துக்கல. ஆஸ்பத்திரி காத்திட்டிருக்கும்போது கப்பலையும் திருப்ப முடியாது, முகூர்த்தத்தையும் திருப்ப வேண்டாம்னுட்டாரு."

கேபிளைச் சரிசெய்யப் போன கப்பலில்தான் சங்கரலிங்கம் இருந்தார். கேபிளுக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. அறுந்த முனைகளைக் கடலடியிலிருந்து மேலே தூக்கி, ஒவ்வோர் இழையையும் ஒன்றோடொன்று ஒட்டவேண்டும். கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒட்டுகிற கை ஆடக்கூடாது. அறுபத்து மூன்று வயதிலும் அந்தக் கை அவருக்கு ஆடவில்லை என்பதால்தான் ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு ஏற்றிப் போயிருந்தார்கள்.

இன்னாசி திரையைத் திருப்பிக் காட்டினான். "கவலையை விடு. கால் நம்மகிட்டயே இருக்கு. பாரு, நூறு ஜோடி. சினிமாக்காரங்களுக்குச் செஞ்சது. ஒண்ணை எடுத்து அப்பா வேட்டிக்குக் கீழ வச்சிட்டா ஆச்சு. ஆடாது, அசையாது. அதனால பேண்ட்வித்தும் தேவையில்ல."

நல்ல கால்கள்தான். வெடிப்பில்லாத குதிகால், வரிசையான நகங்கள். கோயில் சிலைக்கு வைக்கலாம்.

சாயங்காலம் பொற்கொடி அதை அம்மாவிடம் காட்டினாள். சிவகாமி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது யாரு கால்?"

"யாருதும் இல்லம்மா. சும்மா செஞ்சது."

"அப்ப செண்பகம் கழுவுற தண்ணி யாருக்குப் போய்ச் சேரும்?"

பொற்கொடி தன் கண்ணாடியையும் கழற்றினாள்.

"சாமிக்குப் பூவு வைக்கும்போது படத்துக்குத்தான் வைக்கோம். அது அவன் படம்னு தெரிஞ்சு வைக்கோம். இது உங்க அப்பா படமே இல்லியேட்டி. அவுக காலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இடது கால்ல ரெண்டு விரல் கிடையாது."

அது செண்பகம் பிறந்த வருஷம். தீவுக்குக் கேபிள் போட்ட கப்பலில் சங்கரலிங்கம் இருந்தார். இழுவைச் சங்கிலி நழுவிக் காலின் மேல் ஓடியது. சுண்டு விரலும் அடுத்ததும் போய்விட்டன. அன்றிலிருந்து அவர் வெளியில் போகும்போது மூடிய செருப்புதான் போடுவார். கோயில் வாசலில்கூட வலது காலுக்குப் பின்னால் இடது காலை ஒளித்துக்கொண்டு நிற்பார்.

கப்பலோடு குரலில் மட்டும் பேசத் தினமும் ஐந்து நிமிடம் கிடைக்கும். பொற்கொடி விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள்.

"அந்தச் செஞ்ச காலையே வச்சிடும்மா," என்றார் சங்கரலிங்கம். "பத்து விரலும் இருக்குல்ல? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால அதுதான் நல்லா இருக்கும். நொண்டிக் காலைக் கழுவ வச்சோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வேண்டாம்."

சிவகாமி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இங்க பாருங்க. அந்த ரெண்டு விரலும் போச்சே, அந்த வருஷம்தான் இந்தத் தீவு ஊரோட பேச ஆரம்பிச்சுது. அதுல மறைக்க என்ன இருக்கு? நீங்க எட்டு விரலோட வாங்க. இல்லன்னா என் பக்கத்துல நாற்காலி காலியாவே கெடக்கட்டும்."



"சரி," என்றார் அவர்.

உண்மையான காலைக் காட்டவேண்டும் என்றால் அது அசையும், நரம்பு துடிக்கும், விரல் மடங்கும். அதற்கெல்லாம் பேண்ட்வித் வேண்டும். பொற்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்யாணக் கூடத்துக்கு ஒதுக்கியதில் இருநூற்றுப் பத்து விருந்தாளிகளுக்கும் அப்பாவுக்கும் சமபங்கு. அப்பாவைத் தலை முதல் கால் வரை காட்ட நூற்றைம்பது பேருடைய பங்கு வேண்டியிருந்தது. கடலின் நடுவிலிருந்து வரும் படத்துக்கு அவ்வளவு தேய்மானம்.

"பங்கு பிரிக்கிற சாவி உன் கையிலதான இருக்கு?" என்றான் இன்னாசி. "இருநூறு பேர்கிட்டயும் துளித்துளியா உருவிடு. பத்து நிமிஷம். பட்டுச்சேலை மடிப்பு கொஞ்சம் மங்கும். கிளைமேட்டு சரியில்லன்னு நெனைச்சுக்குவாங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அன்றைய ஐந்து நிமிடத்தில் அப்பாவிடம் இதைச் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தாள்.

"கேட்டு வாங்கும்மா," என்றார் அவர். "கேக்காம எடுத்தா, அந்தக் கால்ல தண்ணி ஒட்டாது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு உப்பு போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

பொற்கொடியும் இன்னாசியும் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பட்டனைச் செய்தார்கள். விருந்தாளியின் கண்ணாடியில் ஓரமாகத் தெரியும். அழுத்தினால் அவருடைய பங்கு பத்து நிமிடத்துக்குச் சங்கரலிங்கத்தின் சாயலுக்குப் போய்விடும். அழுத்தியவர் வெறும் சாம்பல் நிற நிழலாக, காலில்லாமல் நிற்பார். குரல் மட்டும் இருக்கும். என்ன பெயர் வைப்பது என்று இன்னாசி கேட்டபோது பொற்கொடி யோசிக்கவே இல்லை. "விட்டுக்கொடு" என்று எழுதினாள்.

எல்லோருக்கும் முன்கூட்டியே செய்தி அனுப்பினாள். எங்கள் அப்பாவின் பாதம் தெரியவேண்டும், பத்து நிமிடம் உங்கள் உருவத்தைத் தந்து உதவுங்கள் என்று இரண்டே வரி. முன்னதாகவே சம்மதம் சொன்னவர்கள் பதினொரு பேர். கல்யாண வீட்டில் நிழலாக நிற்பதா என்று பலர் யோசித்தார்கள். யோசிப்பதில் தப்பும் இல்லை. ஒரு வருஷம் தேடி எடுத்த புடவையை யாரும் நிழலுக்குள் வைக்க மாட்டார்கள்.

முகூர்த்த நாள் காலையில் மழை விட்டிருந்தது. கூடத்தில் நாதஸ்வரக்காரர்கள் நேரில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை முகுந்தனும் அவன் பெற்றோரும் இரண்டு நாள் முன்பே கப்பலில் வந்து சேர்ந்துவிட்டார்கள். மற்ற உறவினர் எல்லாம் சாயல்கள். சுவரோரமாக வரிசை வரிசையாக நின்றார்கள். பாதி பேருக்குக் கால் இல்லை, ஆனால் கூட்டத்தில் அது தெரியவில்லை.

உலகம்மாள் மணமேடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு.

"மதினி, கரையைப் பாத்தியளா? அன்னப்பட்சி போட்டிருக்கு. நெய்யச் சொல்லி எட்டு மாசம் காத்துக் கெடந்து வாங்கினது."

சிவகாமி உற்றுப் பார்த்தாள். அன்னப்பட்சி தெரியவில்லை. கரை முழுக்க ஒரே சிவப்பாக மங்கிக் கிடந்தது. "பிரமாதமா இருக்கு மதினி," என்றாள்.

பாத பூஜைக்கு நேரமாயிற்று. மேடையில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். ஒன்றில் சிவகாமி உட்கார்ந்தாள். இன்னொன்றில் சங்கரலிங்கத்தின் சாயல் உட்கார்ந்தது. இடுப்புக்கு மேலே பட்டுச் சட்டை, மீசை, வெட்கம் கலந்த சிரிப்பு. வேட்டிக்குக் கீழே வெறும் தாம்பாளம். செண்பகம் பித்தளைச் சொம்போடு மண்டியிட்டாள். பக்கத்தில் முகுந்தன்.

மேடையின் ஓரத்தில் சின்னத் திரையோடு நின்றிருந்த பொற்கொடி மனதுக்குள் முருகா என்று சொல்லிவிட்டு பட்டனைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நொடி சங்கரலிங்கம் மறையத் தொடங்கினார்.

வேட்டி போனது. பட்டுச் சட்டையின் மடிப்பு போனது. கைகள் மழுங்கின. மீசை கரைந்தது. கடைசியில் முகமும் போய், நாற்காலியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதே நேரத்தில், பக்கத்தில் நின்ற உலகம்மாளின் புடவைக் கரையில் அன்னப்பட்சிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அலகு தெரிந்தது, கண் தெரிந்தது, இறகின் சரிகைகூட மின்னியது.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. கடலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று சிவகாமி பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா பொற்கொடி," என்றார் உலகம்மாள். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "அண்ணாச்சி எங்க?"

பொற்கொடி திரையைப் பார்த்தாள். விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலில் முதல் பெயர்: சங்கரலிங்கம், கப்பல்.

அப்போதுதான் அவளுக்குத் தன் தவறு புரிந்தது. எல்லோருக்கும் அந்தப் பட்டனை அனுப்பியவள், அப்பாவுக்கு மட்டும் அனுப்பக்கூடாது என்று எழுத மறந்திருந்தாள். அவர் கண்ணாடியிலும் அது தெரிந்திருக்கிறது. விட்டுக்கொடு என்று ஒன்று எதிரில் வந்து நின்றால் அவர் வேறு என்ன செய்வார். அழுத்தியிருக்கிறார். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாததால், நிரல் அவர் பங்கைப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டது.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல," என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நல்லா இருக்காங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். அப்பாவும் பட்டனை அழுத்திட்டாங்க. அவங்க பங்கு இப்ப அத்தைகிட்ட இருக்கு. அதனாலதான் அத்தை சேலை இவ்வளவு பளிச்சுன்னு தெரியுது."

உலகம்மாள் குனிந்து தன் கரையைப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் காத்திருந்த அன்னப்பட்சிகள் முதல் முறையாக ஊரே பார்க்கும்படி மின்னிக்கொண்டிருந்தன.

"எனக்கா குடுத்தாவ?" என்றார்.

"ஆமா அத்தை."

"நான் அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கப்புறமுமா?"

"அப்பாவுக்கு யாருக்குப் போகும்னு தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தாலும் குடுத்திருப்பாங்க."

உலகம்மாள் முந்தானையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு கையை நீட்டி, தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த எதையோ அழுத்தினார். அன்னப்பட்சிகள் அணைந்தன. மாம்பழ மஞ்சள் வெளுத்தது. காதில் கிடந்த தோடும் மூக்குத்தியும் போயின. அவர் நின்ற இடத்தில் காலில்லாத சாம்பல் நிழல் ஒன்று நின்றது. அதற்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"இப்ப நான்தான் பேய். இருந்துட்டுப் போறேன். ஏ, என்ன எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிய? மூஞ்சிதான் இல்லியே. அழுத்துங்களேன்."

யாரோ சிரித்தார்கள். முதலில் தென்காசிப் பெரியப்பா நிழலானார். அடுத்து அவர் மருமகள்கள் மூன்று பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. பிறகு எண்ண முடியவில்லை. சுவரோரமாக நின்ற பட்டும் சரிகையும் வரிசை வரிசையாகச் சாம்பலாயின. பொற்கொடியின் திரையில் எண் நூற்றைம்பதைத் தாண்டி, இருநூறைத் தாண்டி, இருநூற்றுப் பத்தில் வந்து நின்றது. ஒருவர்கூட மிச்சமில்லை.

கூடம் முழுக்கக் காலில்லாத நிழல்கள். நடுவில், நாற்காலியில், சங்கரலிங்கம் மட்டும் மெல்லத் திரும்பி வந்தார். மீசை வந்தது. சட்டையின் பொத்தான் வந்தது. வேட்டியின் கரை வந்தது. கடைசியாக, தாம்பாளத்தின் மேல், கால்கள் வந்தன.

கறுத்த, காய்த்துப்போன கால்கள். குதிகாலில் உப்புநீர் வெடித்த கோடுகள். வலது காலில் ஐந்து விரல்கள். இடது காலில் மூன்று. மூன்றாவது விரலுக்கு அப்பால் பழைய தழும்பு ஒன்று பளபளப்பாகக் கிடந்தது. பழக்கத்தில் அவர் இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, இழுத்ததை முன்னே கொண்டுவந்து தாம்பாளத்தின் நடுவில் வைத்தார்.

"விரல்..." என்று நிழல்களில் ஒன்று மெதுவாகத் தொடங்கியது.

"எட்டுதான்," என்றாள் சிவகாமி. அவள் தலை நிமிர்ந்திருந்தது. "மிச்சம் ரெண்டும் கேபிளுக்குக் குடுத்தது. நீங்க எல்லாரும் இன்னைக்கு இங்க வந்து நிக்கியளே, இத்தன வருஷமா இந்தத் தீவோட பேசிட்டிருக்கியளே, அதுக்குக் குடுத்தது."

செண்பகம் சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் அப்பாவின் பாதத்தின் ஊடாகப் போய்த் தாம்பாளத்தில் விழுந்தது. சாயலைத் தண்ணீர் தொடாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் கால்கள் நனைந்தன.

பொற்கொடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பாதத்தின் மேல் தண்ணீர் வழிந்தது. மூன்று விரல்களுக்கு நடுவில் துளிகள் தங்கின. தழும்பின் மேல் ஒரு துளி உருண்டு விழுந்தது. அவள் எழுதிய நிரலில் நனைவதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் நின்ற இன்னாசியைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். தன் கழுத்துச் சிலுவையை அவன் தொட்டுக்கொண்டதையும் அவள் பார்த்தாள்.

"தண்ணி ஒட்டுதே," என்றது உலகம்மாளின் நிழல்.

செண்பகம் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். அவை தாம்பாளத்தில்தான் விழுந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் தரையில் விழுந்து வணங்கினார்கள். அப்பாவின் கை எழுந்து இருவர் தலைக்கும் மேலே நின்றது. அப்போது, மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிழலும் குனிந்தது. காலில்லாத நிழலுக்குக் குனிவது சுலபம் இல்லை, ஆனாலும் குனிந்தது.

"எனக்கும் சேத்து ஆசீர்வாதம் பண்ணுங்க அண்ணாச்சி," என்றது.

"எழுந்திரும்மா," என்றார் சங்கரலிங்கம். "சேலை கசங்கிரப் போகுது. நல்லா இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

சாயங்காலம் ஐந்து நிமிடக் குரல் வந்தது.

"ஏம்பா அந்த பட்டனை அழுத்தினீங்க?" என்று பொற்கொடி கேட்டாள்.

"எல்லாருக்கும் வந்துச்சே. நம்ம வீட்டுக் கல்யாணம், வந்தவங்க நல்லாத் தெரியவேண்டாமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு மெல்லக் கேட்டாள். "அப்பா, உங்க கால் எப்படி நனைஞ்சுது?"

"அதுவா? மொய்தீன்." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எங்க சமையல்காரன். படம் எடுக்கிற அறைக்கு வெளிய கதவோரமா நின்னு திரையில பாத்துக்கிட்டே இருந்தான். செண்பகம் சொம்பைச் சாய்க்கவும் உள்ள வந்து, அவன் தேத்தண்ணிக் கெண்டிய எடுத்து, அவ ஊத்துற வேகத்துலயே என் கால்ல ஊத்தினான். சுடுதண்ணி வேற. பச்சைத் தண்ணி காலுக்குக் குளிரும்னு சுடவச்சிருக்கான். போன வருஷம் அவன் மக நிக்காஹ் நடந்தப்ப இவனும் கடல்லதான் இருந்தான். ஊத்திட்டு, தோள்ல கெடந்த துண்டால துடைச்சிட்டுப் போயிட்டான்."

சிவகாமி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பூஜை அறையில் விளக்கேற்றினாள். மொய்தீனின் மகள் பெயர் தெரியவில்லை என்பதால் அந்தப் பிள்ளை என்று மட்டும் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

அடுத்த நாளே பொற்கொடி உதிர் வரிசையைத் திறந்தாள். காலை எங்கே வைப்பது, முகத்துக்கு முன்னாலா பின்னாலா என்று வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் எதையும் இடம் மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தாள்: கேட்டுவிட்டு உதிர்க்கவும். இனி எந்தக் கூடத்திலும், எது கடைசிவரை தெரியவேண்டும் என்று அங்கே கூடியவர்களைக் கேட்காமல் நிரல் எதையும் எடுக்காது. அந்த ஒரு வரிக்காக நானூறு வரிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. கேடயம் வாங்கிய நாளில்கூட அவள் இவ்வளவு நிறைவாக வீட்டுக்குப் போனதில்லை.

ஆறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு இணைய மையத்தில் எல்லா விளக்குகளும் பச்சைக்கு மாறின. கேபிள் ஒட்டப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் அழைப்புகள் குவியத் தொடங்கின. புதிய இழைகளைச் சோதிக்கும் முதல் சாயல் கப்பலிலிருந்து வந்தது.

அவர் மையத்தின் நடுவில் வந்து நின்றார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, தூங்காத கண்கள், மூன்று நாள் தாடி. எல்லாம் இழை இழையாகத் தெரிந்தது. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். செருப்பு இல்லை. இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில், தரையில் நன்றாகப் பாவியிருந்தன.

"கால் தெரியுதாம்மா?" என்றார் சங்கரலிங்கம்.

"தெரியுதுப்பா," என்றாள் பொற்கொடி. "எட்டும் தெரியுது."